பத்துச் சொட்டு என்றால் எத்தனை மில்லிகிராம்?

எங்கள் வீட்டுப் பழைய மீன்தொட்டியின் நான்கு மூலைகளிலும், சிலிகான் ஓடுகிற இடமெல்லாம், இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி ஊறவைத்துப் பார்த்தேன், மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் கிடத்திப் பார்த்தேன், கொஞ்சம் வெளுத்ததே தவிரப் போகவில்லை. மெத்திலீன் ப்ளூ என்கிற அந்த நீல மருந்தை இதுவரை மூன்று முறை கையில் எடுத்திருக்கிறேன். முதல் முறை தொட்டியையே நாசம் பண்ணினேன். அடுத்த இரண்டு முறையும் அதே மருந்து ஒழுங்காக வேலை செய்தது. முதல் முறை எங்கே சறுக்கினேன் என்று புரிய எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரு அல்சூரில், இரண்டாவது மாடி வாடகை வீடு. 2 அடித் தொட்டி, நீளம் 24 அங்குலம், அகலமும் உயரமும் 12. கணக்குப் போட்டால் 56 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆனால் மணல், கல், மரக்கட்டை, மேலே விட்டிருக்கிற இரண்டு விரற்கடை எல்லாம் போக உள்ளே இருக்கிற தண்ணீர் 45 லிட்டர்தான். (இந்த 45ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.) இரண்டு ஏஞ்சல் குட்டிகள், ஆறு கப்பி, நான்கு கோரிடோராஸ், பின்பக்கம் முழுக்க வல்லிஸ்னேரியா என்கிற நீர்ச்செடி. எட்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் வந்தது. ஊரில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குகிற காலம், என்னிடம் அப்போது ஹீட்டர் கிடையாது, 'பெங்களூருக்கு எதுக்கு ஹீட்டர்' என்கிற ஜம்பம் வேறு. ஒருநாள் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது ஒரு ஏஞ்சலை வலையில் பிடிக்கப் போய் அதன் விலாவில் கீறல் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் பஞ்சு ஒட்டினமாதிரி வெள்ளையாக ஒரு கொத்து, பூஞ்சை.

சிவாஜிநகர் பக்கம் நான் வழக்கமாக மீன் வாங்குகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர், கொளத்தூரிலிருந்து புது லாட் வந்தால் முதலில் எனக்குத்தான் போன் பண்ணுவார். போட்டோவைப் பார்த்தார், அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். "பத்துச் சொட்டு வுடுங்க மேடம், தண்ணி வானம் கலர்ல வரும், மூணு நாள்ல சரியாப் போயிடும்."

"தொட்டியிலயே விடலாமாண்ணா?"

"எல்லாரும் அப்படித்தான் வுடுறாங்க."

விட்டேன். அழகாகத்தான் இருந்தது, என் பெண் போட்டோவெல்லாம் எடுத்தாள். மறுநாள் காலையில் தண்ணீர் பழையபடி தெளிவாகக் கிடந்தது. மருந்து தீர்ந்துவிட்டது போல என்று இன்னொரு பத்துச் சொட்டு. சாயங்காலம் அதுவும் காணோம். அப்புறம் பொறுமை போய், பாட்டில் மூடியால் ஒரு மூடி ஊற்றினேன், அடுத்த நாள் இன்னொரு மூடி, அதற்கும் அடுத்த நாள் இன்னொன்று. மூன்றாவது மூடிக்குப் பிறகு நீலம் போகவே இல்லை, தொட்டிக்குப் பின்னாலிருக்கிற சுவர்கூடத் தெரியாத அளவுக்குக் கருநீலம். நான்காம் நாள் விடிகாலையில் எல்லா மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று மூன்று கப்பி போயின. கீறல்பட்ட அந்த ஏஞ்சலும் மறுநாள் போயிற்று. வல்லிஸ்னேரியா இலைகள் கண்ணாடிபோல ஆகி, தொட்டால் கரைந்தன.

இப்போது இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். என் ஃபில்டருக்குள் ஒரு பை கார்பன், அதாவது தண்ணீரை வடிகட்டுகிற கரி, இருந்தது. வாங்கும்போதே கூட வந்தது, நான் மறந்தே போயிருந்தேன். கார்பன் இந்தச் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான் விட்ட சொட்டுகளை மீன் பக்கம் அதிகம் போக விடாமல் அதுவே குடித்துக்கொண்டிருந்தது, நிறம் போகிறதே என்று நான் மேலும் மேலும் ஊற்ற, ஒரு கட்டத்தில் கார்பனுக்கு வயிறு நிறைந்து, அதற்குமேல் ஊற்றியதெல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. மருந்து விடுவதற்கு முன்னால் கார்பனை எடுக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது பாக்டீரியா. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியிருந்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கூட்டம் அது. மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு மட்டும் விரோதி இல்லை, அளவு கூடினால் இவற்றையும் அடக்கிவிடும். மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் நிரூபிக்க முடியவில்லை. ஏன் என்றால் அம்மோனியா டெஸ்ட்டே நிறத்தை வைத்துத்தான். என்னிடம் இருந்த சொட்டு டெஸ்ட்டில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. நீலத் தண்ணீரை எடுத்து மஞ்சள் வருகிற டெஸ்ட்டைச் செய்தால் என்ன வரும்? மஞ்சளில் நீலம் கலந்தால் பச்சை என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். டியூப் கரும்பச்சையாக நிற்கிறது, அது அம்மோனியாவா சாயமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு பிளாஸ்டிக் புனலில் பஞ்சை அடைத்து, மேலே கழுவிய புதுக் கார்பனைக் கொட்டி, தொட்டித் தண்ணீரை அதில் மெதுவாக நான்கைந்து தடவை வடித்தேன். கார்பன் சாயத்தைப் பிடிக்கும், அம்மோனியாவை அவ்வளவாகப் பிடிக்காது. கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்த பிறகு டெஸ்ட் செய்தால் அப்போதும் பச்சை. 2 மி.கி.க்கும் 4க்கும் நடுவில். அப்போதுதான் வேர்த்தது. மருந்து போட்ட தண்ணீரில் டெஸ்ட் கிட் சொல்வதை நேரடியாக நம்பாதீர்கள், இந்தப் புனல் வேலை பத்து நிமிஷம்தான்.

அதன் பிறகு ஒரு மாதம் தினமும் பக்கெட் தூக்கினேன். பாதித் தண்ணீரை மாற்றுவது, ஒருவேளைச் சாப்பாடு, புதுக் கார்பன், முருகேஷ்பாளையத்தில் இருக்கும் தோழி அவள் ஃபில்டரிலிருந்து பிழிந்து கொடுத்த அழுக்கு ஸ்பாஞ்ச். நடுவில் நைட்ரைட் ஏறியபோது லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல் உப்பு கரைத்து விட்டேன், உப்பில் இருக்கிற குளோரைடு, நைட்ரைட் மீனின் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நைட்ரைட் ரத்தத்தில் ஏறி ரத்தம் பழுப்பாகி மூச்சுத் திணறுகிற மீனுக்கு மெத்திலீன் ப்ளூவே ஒரு மருந்து. ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போன ரத்தத்தை அது பழைய நிலைக்குத் திருப்பும், மனிதர்களுக்கும் ஆஸ்பத்திரியில் இதே காரணத்துக்காக ஊசியாகப் போடுகிறார்கள். நானோ அந்த மருந்தை ஊற்றியே நைட்ரைட்டை வரவழைத்திருந்தேன்.

சரி, எவ்வளவு ஊற்றினேன்? இந்தக் கேள்விதான் பல மாதம் உறுத்திக்கொண்டிருந்தது. பாட்டிலில் மீன் படமும் பெரிய எழுத்தில் பெயரும் இருந்தனவே தவிர, எத்தனை சதவீதம் என்று எங்கேயும் இல்லை. சதவீதம் தெரியாத பாட்டிலில் சொட்டுக் கணக்கு என்பது, டம்ளர் அளவு தெரியாமல் 'ரெண்டு டம்ளர் அரிசி போடு' என்று சொல்வதைப் போல. அதிலாவது சோறு குழையும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் 1 சதவீதம் என்று தெளிவாக அச்சிட்ட, உற்பத்தித் தேதியும் போட்ட ஒரு பாட்டில் கிடைத்தது. 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது 1 மி.லி.யில் 10 மி.கி. பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் மேடையில் பழைய பேப்பரை விரித்து இரண்டையும் ஒப்பிட்டேன். ஊசி போடுகிற 1 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, ஒரேமாதிரியான கண்ணாடி டம்ளர் இரண்டு, அடியில் வெள்ளைத் தாள். புது மருந்தில் 1 மி.லி. எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்தேன், அதிலிருந்து 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்கினேன், இப்போது லிட்டருக்குச் சரியாக 1 மி.கி. பழைய மருந்தையும் அதேபடி செய்து பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரிந்தது, அது இன்னும் அடர்த்தி. அதில் அளந்து அளந்து தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனேன். 1 லிட்டர் இரண்டேகால் லிட்டர் ஆனபோது இரண்டு டம்ளரும் ஒரே நிறத்துக்கு வந்தன.

ஆக பழைய பாட்டில் ஏறக்குறைய 2.25 சதவீதம். இதை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். 20 சொட்டு சுமார் 1 மி.லி. என்று வைத்தால், பத்துச் சொட்டில் 11 மி.கி. போல வரும். 45 லிட்டருக்கு அது லிட்டருக்கு கால் மி.கி., பூஞ்சைக்கு அது போதாது, கார்பன் வேறு உள்ளே. அப்புறம் நான் ஊற்றிய மூன்று மூடி, மூடி 5 மி.லி., மொத்தம் 15 மி.லி., 337 மி.கி., லிட்டருக்கு ஏழரை மி.கி. அதில் கார்பன் தின்றது போக எவ்வளவு நின்றதோ. தொட்டி மருந்தாக வழக்கமாகச் சொல்லப்படுகிற மேல் அளவு லிட்டருக்கு 3 மி.கி.தான். கடைக்காரர் சொன்னது குறைவு, நான் செய்தது அதிகம், இரண்டு பேருமே அளக்கவில்லை.

இந்த டம்ளர் சோதனை நிறத்தை மட்டும்தான் சொல்லும். அந்தப் பாட்டிலில் வேறு ஏதாவது கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அந்த மிச்சத்தை நான் மீனுக்குப் பயன்படுத்தவில்லை.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு இரண்டு 'உதவிகள்' வந்தன. தெரிந்தவர் ஒருவர், துணிச் சாயக் கடையில் பொடியாகவே மலிவாகக் கிடைக்கும் என்றார். இந்த மருந்து பிறந்ததே சாயமாகத்தான், 1876இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ தயாரித்தது, 1891இல் பால் எர்லிக்கும் பால் குட்மனும் மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் சாயப் பட்டறைக்கு விற்கிற பொடியில் துத்தநாக உப்பு சேர்ந்த வகை உண்டு, துத்தநாகம் மீனுக்கு ஆகாது. இன்னொன்று, காலேஜில் மைக்ரோபயாலஜி படிக்கிற என் அக்கா பையன் "சித்தி, எங்க லேப்ல நிறைய இருக்கு" என்றான். லேபில் ஸ்லைடுக்குச் சாயமேற்ற வைத்திருக்கிற கரைசலில் ஆல்கஹாலும் சில சமயம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்திருப்பார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மீனுக்கென்று விற்பதாக, சதவீதம் அச்சிட்டதாக இருந்தால் போதும், பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் முறை. பிழைத்த ஏஞ்சலுக்கு வாங்கிய ஜோடி ஒத்துப்போகாமல், வாலில் கடித்து, மறுபடியும் அதே பஞ்சு. இந்தத் தடவை தொட்டிக்குள் ஒரு சொட்டுகூட விடவில்லை. சமையலறைக்கு வைத்திருந்த 25 லிட்டர் பிளாஸ்டிக் டப்பை எடுத்துக்கொண்டேன் (அது இனி சமையலறைக்குத் திரும்பாது), 1 லிட்டர் பாட்டிலால் எண்ணி எண்ணி ஊற்றி 10, 15, 20 லிட்டருக்கு வெளியே டேப் ஒட்டிக் கோடு போட்டேன். ஊற்றியது புதுத் தண்ணீர் இல்லை, தொட்டித் தண்ணீரே. எங்கள் தெருவில் ஒரு நாள் காவிரித் தண்ணீர், ஒரு நாள் போர்வெல், கோடையில் டேங்கர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் ஒன்று 200ஐ ஒட்டிக் காட்டும், இன்னொன்று 900ஐத் தொடும், அடிபட்ட மீனை அப்படி ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றில் தூக்கிப் போட்டால் மருந்துக்கு முன்னால் அந்த அதிர்ச்சியே அதை முடித்துவிடும்.

டப்பில் ஒரு ஏர் ஸ்டோன், ஒரு ஹீட்டர், 27 டிகிரி. ஸ்பாஞ்ச் வைக்கவில்லை, வைத்தாலும் அதிலிருக்கிற பாக்டீரியா சாகும், சாயத்தையும் அது குடிக்கும். மணல் இல்லை, செடி இல்லை. மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய், அதுவும் இப்போது நீலம். கணக்கு இப்படி: 20 லிட்டர், லிட்டருக்கு 3 மி.கி. வேண்டும், மொத்தம் 60 மி.கி., 1 சதவீத மருந்தில் 6 மி.லி. ஒரேயடியாக விடாமல் முதலில் 3 மி.லி.யை ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து மெதுவாக ஊற்றினேன், மூன்று மணி நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது சாதாரணமாக மூச்சு விட்டதால் மீதி 3. இரண்டு அங்குல ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தினமும் காலையில் 10 லிட்டரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் குளோரின் நீக்கிய 10 லிட்டர், கூடவே 3 மி.லி. மருந்து. பாதித் தண்ணீர் போனால் பாதி மருந்தும் போயிற்று, அதனால் பாதி. இங்கே ஒரு சபலம் வரும். மாலைக்குள் நிறம் லேசாக மங்கும், வெளிச்சத்திலும் மீன் கழிவிலும் சாயம் சிதைவது இயல்பு, உடனே 'இன்னும் கொஞ்சம் விடலாமா' என்று கை பரபரக்கும். நிறத்தைப் பார்த்து ஊற்றுகிற வேலையை நான் முதல் வருடமே செய்து முடித்துவிட்டேன். இந்த முறை கணக்கை மட்டும்தான் பார்த்தேன். சாப்பாடு இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு சிட்டிகை, மிச்சத்தை உடனே எடுத்துவிடுவது, ஏனென்றால் பாக்டீரியா இல்லாத டப்பில் அம்மோனியாவைக் குறைக்க இருப்பது என் பக்கெட் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் அந்தப் பஞ்சு நீலமாகியிருந்தது, சாயம் பூஞ்சையில் நன்றாகப் பிடிக்கும், முன்னைவிடப் பெரிதாகிவிட்டதோ என்று பயம் காட்டும். மூன்றாம் நாள் அது தொங்க ஆரம்பித்தது. நான்காம் நாள் காலையில் வாலில் இல்லை, டப்பின் அடியில் கிடந்தது. அதோடு மருந்தை நிறுத்தி, ஒரு நாள் முழுக்கச் சுத்தமான தண்ணீரில் வைத்துவிட்டுத் தொட்டிக்குத் திருப்பினேன். ஐந்து நாளுக்கு மேல் நான் இதை நீட்ட மாட்டேன். அதற்குள் கேட்கவில்லை என்றால் அது வேறு வியாதி.

வேறு வியாதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சு மாதிரித் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. தோழி வீட்டு மோலி மீனுக்கு வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாகப் படிந்தது, அவளும் மெத்திலீன் ப்ளூ டப்பில் போட்டாள், இரண்டே நாளில் மீன் செத்துப்போய்விட்டது. உண்மையான பூஞ்சை, தண்ணீரில் அசைகிற நூல் நூலாக, அடிபட்ட ஒரே இடத்தில் இருக்கும். வாயோரத்திலோ முதுகில் சேணம் போட்டதுபோலவோ தட்டையாகப் பரவி, ஒரு மீனிலிருந்து அடுத்ததற்கு ஒன்றிரண்டு நாளில் தாவினால் அது பெரும்பாலும் கொலும்னாரிஸ் என்கிற பாக்டீரியா, அதற்கு இந்த நீலம் போதாது. வெள்ளைப் புள்ளி நோய்க்கும் இதுவே மருந்து என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் கிருமி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் தொடாது, அது உதிர்ந்து, பெருகி, குஞ்சுகளாக நீந்துகிற நேரத்தில்தான் கொல்ல முடியும். அதற்குச் சூட்டை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றைக் கூட்டி, இரண்டு வாரம் விடாமல் செய்வதுதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. மாலகைட் கிரீன் இதைவிடக் கடுமையான சாயம், செதில் இல்லாத மீன்களுக்கு அது இன்னும் ஆபத்து, கோரிடோராஸ் வைத்திருக்கிற நான் அதைத் தொடுவதே இல்லை.

மூன்றாம் முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வழியாக ஏஞ்சல்கள் சமாதானமாகி, சாய்த்து வைத்த கடப்பாக் கல் துண்டில் முட்டையிட ஆரம்பித்தன. முதல் இரண்டு தடவை அம்மா அப்பாவே தின்றுவிட்டன. மூன்றாவது தடவை கல்லோடு தூக்கி 10 லிட்டர் டப்பில் வைத்தேன், தூக்கும்போது முட்டைகளில் காற்றுப் படாமல் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் வைத்துத்தான் மாற்றினேன். கருத்தரிக்காத முட்டை முதலில் வெள்ளையாகும், அதில் பூஞ்சை பிடிக்கும், பக்கத்திலிருக்கிற உயிருள்ள முட்டைக்கு நூல் விடும், ஒரே ராத்திரியில் கல் முழுக்கப் பஞ்சு மெத்தையாகிவிடும். பெற்றோர் மீன் வெள்ளை முட்டைகளைப் பொறுக்கித் தின்று இதைத் தடுக்கும், நாம் பிரித்துவிட்டால் அந்த வேலை நம் தலையில். முட்டைக்கு நான் போட்டது லிட்டருக்கு 2 மி.கி., அதாவது 10 லிட்டருக்கு 2 மி.லி. ஏர் ஸ்டோன் குமிழி முட்டையில் நேராக மோதாமல், ஆனால் தண்ணீர் அதன்மேல் நகர்கிறமாதிரி வைத்தேன். வெளிச்சத்தில் சாயம் சிதையும் என்பதால் டப்பை ஒரு பழைய துண்டால் மூடினேன்.

செத்த முட்டை சாயத்தைக் குடித்துக் கருநீலமாகும், உயிருள்ளது தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, மருந்து விடுகிற டிராப்பரால் கருநீலத்தை உறிஞ்சி எடுத்தேன், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. 28 டிகிரியில் மூன்றாம் நாள் வால்கள் துடிக்க ஆரம்பித்தன. பொரிந்ததும் மருந்து வேண்டாம், தினம் கால் பங்கு தண்ணீரை மாற்றி நீலத்தை வெளியேற்றினேன். அதற்கு அடுத்த ஐந்தாறு நாளில் நாற்பதுக்கும் மேல் நீந்தின, எண்ண முயன்று மூன்று தடவை தோற்றுவிட்டோம்.

இனி கறை சமாசாரம். முதல் முறை பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து, வெள்ளை மொசைக் தரையில் ஒரு நீல ஆறு ஓடியது. வீட்டு ஓனர் ஆன்ட்டி மோட்டார் விஷயமாக மேலே வந்தவர் அதைப் பார்த்து, "ஏனம்மா இது, ஹோலியா?" என்றார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் போகவில்லை. விட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் குழைத்துத் தடவியபோது கண்ணெதிரே வெளுத்தது. அது சாயத்தை அழிப்பதில்லை, நிறமில்லாத வடிவத்துக்கு மாற்றுகிறது, அப்படியே விட்டால் காற்றுப் பட்டு நீலம் திரும்பிவிடும், அதனால் வெளுத்த உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். (மீன் இருக்கிற தண்ணீரில் இந்த வித்தையைக் காட்டாதீர்கள், அமிலம் அது.) இப்போது கையில் உறை, பழைய நைட்டி, கீழே பேப்பர் இல்லாமல் பாட்டிலைத் திறப்பதில்லை. மருந்துத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவதில்லை, எங்கள் பக்கத்துக் கால்வாய் எங்கே போகும் என்று அல்சூர் ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கெட்டில் கார்பன் பையைப் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் தெளிந்துவிடும், அதன் பிறகு கழிவறையில்.

பாட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. என் மச்சினர் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினார், மெத்திலீன் ப்ளூவைத் தினமும் தண்ணீரில் கலந்து குடித்தால் மூளை சுறுசுறுப்பாகுமாம். நாக்கு நீலமாவது நிச்சயம். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலருக்கு இது உயிருக்கே ஆபத்தான அளவு செரடோனினை ஏற்றிவிடும், ஜி6பி.டி. என்கிற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும். டாக்டர் அளந்து ஊசியில் போடுவது வேறு, மீன் பாட்டிலைத் திறந்து குடிப்பது வேறு. அவருக்குப் போன் பண்ணியே சொன்னேன்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஏஞ்சல் குஞ்சுகளில் பதினைந்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பேச்சுவாக்கில் டம்ளர் சோதனை, இரண்டேகால் சதவீதம், 45 லிட்டர், கார்பன் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு கஸ்டமரைக்கூடக் காத்திருக்கச் சொன்னார். கடைசியில் அலமாரியில் வரிசையாக நின்ற அந்தச் சின்ன பாட்டில்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ இனிமே எல்லார்கிட்டயும் அஞ்சு சொட்டுன்னு சொல்லிடட்டுமா மேடம்?"